உருவம் இல்லாத ரஜினி

எங்கள் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டில் வீட்டுச் சுவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. கஅபா படம் மாட்டலாம். தங்க எழுத்தில் ஆயத்துல் குர்ஸி மாட்டலாம். ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் கடிகாரம், வெளிநாட்டுச் சபர் போய்வந்தவர் வீடென்றால் கட்டாயம். ஜவுளிக்கடைக் காலண்டரும் பரவாயில்லை, தேதி மட்டும் இருந்தால். ஆள் முகம் மட்டும் கூடாது. உருவம் உள்ள வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்று ஓதப்போன காலத்திலேயே காதில் போட்டுவிட்டார்கள்.

நானோ சினிமாப் பைத்தியம். வளைகுடாவில் நான் தங்கியிருந்த அறையில் ரஜினி இருந்தார். சமையலே தெரியாத நாலு பேர் குடியிருந்த அந்த அறைக்கு, ரஜினி இல்லாவிட்டாலும் மலக்குகள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஊர் திரும்பி வீடு கட்டிய பிறகு ஹாலில் ஒரு பெரிய சுவர் வெள்ளையாகவே கிடந்தது.

அப்போதுதான் துபாயில் இருக்கும் மகன் ‘மினிமலிஸ்ட் போஸ்டர்’ என்று சிலவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நடிகர் இல்லை, நடிகை இல்லை, அரிவாள் இல்லை. ஒரே நிறத்தில் ஒரு தாள், அதில் ஒரே ஒரு பொருள். மஞ்சளில் மூன்று சக்கரம், ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பாட்ஷா’. பச்சையில் வெறும் மீசை, ‘தில்லு முல்லு’. நீலத்தில் ஒற்றை வாழைப்பழம், ‘கரகாட்டக்காரன்’. பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. முகமே இல்லையே! நம் ஊர்ச் சுவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சினிமா!

வீட்டில் ஒரு விஷயத்தை நிறைவேற்ற ஆதாரம் வேண்டும். திரட்டினேன். அமெரிக்காவில் சால் பாஸ் என்றொரு ஓவியர். 1955-இல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு முறுக்கிய ஒரு கையை நடுநாயகமாக வைத்தார். 1959-இல் ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ படத்துக்குக் கறுப்பாக ஓர் ஆள் வடிவத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். இதைக் காட்டியபோது என் மனைவி, “கை காலெல்லாம் இருக்கே?” என்றாள். “தலை தனியா வெட்டிக் கெடக்கு பாரு” என்றேன். நல்ல வாதம் என்றுதான் நினைத்தேன்.

1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ போஸ்டரையும் காட்டினேன். கறுப்பில் ஓர் எலும்புக்கூடு, அவ்வளவுதான். 1990-இல் வந்த நாவலின் அட்டைக்குச் சிப் கிட் வரைந்ததிலிருந்து எடுத்தது. அந்த எலும்புக்கூட்டுக்குச் சொந்தக்காரரான டி-ரெக்ஸ், உள்ளபடி ஜுராசிக் காலத்து ஆளே அல்ல. அதற்குப் பின்னால் வந்த கிரெட்டேசியஸ் காலம். அந்தக் காலத்துப் பாறைதான் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பரந்து கிடக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரமும் சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தியது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. “ஆக, இது நம்ம மாவட்டத்துப் போஸ்டர்” என்று முடித்தேன். “எலும்புக்கூடுன்னா மையத்துதானே? ஹால்ல வேணாம்” என்று அவளும் முடித்தாள்.

மிச்சம் மூன்றையும் அச்சடிக்க ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி வாழைப்பழத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான். “பாய், இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே. சதுர அடிக் கணக்குதான், காலியா விட்டாலும் அதே காசு. மேல உங்க போட்டோ போட்டுரவா? கீழ ‘அனைவரும் வருக’?” என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வளர்ந்த மரபு அது. சிவகாசியில் அச்சாகி வந்த நம் போஸ்டரில் கதாநாயகன் மூன்று கோலத்தில் இருப்பார். நாயகி, வில்லன், மூலையில் நகைச்சுவை ஜோடி, கிடைத்த சந்தில் ஒரு கார் எரியும். அதற்குக் காரணம் உண்டு. அது படம் பார்க்காதவனைக் கூப்பிடும் தாள். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்ப்பவனுக்குச் சண்டை உண்டா, பாட்டு உண்டா, கவுண்டமணி செந்தில் உண்டா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். 1957-இல் ‘வணங்காமுடி’க்குச் சென்னையில் சிவாஜிக்கு 80 அடிக் கட்-அவுட் வைத்தார்களே, அதுவும் இதற்குத்தான். 1989-இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது சுவரெல்லாம் ஒற்றை வாழைப்பழத்தை ஒட்டியிருந்தால் வாழைத்தார் ஏலம் என்று நினைத்து வியாபாரிகள்தான் தியேட்டருக்கு வந்திருப்பார்கள். என் மகன் அனுப்பியது படம் பார்த்து முடித்தவனுக்கான விடுகதை. விடை தெரிந்தவனுக்கு மட்டும் போடுகிற விடுகதை.

மூன்றையும் மாட்டியதும் இந்த உண்மை எங்கள் ஹாலில் உடனே நிரூபணமாயிற்று. பாட்ஷாவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், திட்டக்குடிக்குப் போய்வர ஆட்டோ என்ன வாடகை என்று கேட்டார். மாமி வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ள கடை கிடை போடப்போறாரா?” என்று மகளிடம் ரகசியமாக, எனக்குக் கேட்கிற மாதிரி, விசாரித்தார்.

மனைவிதான் அசல் கேள்வியைக் கேட்டாள்.

“என்னங்க, இந்த மீசையப் பாத்ததும் ஒங்களுக்கு யாரு ஞாபகம் வருது?”

“ரஜினி.”

“அப்ப உருவம் வந்துருச்சுல்ல?”

“சுவத்துல இல்லையே!”

“ஒங்க மண்டைக்குள்ள இருக்கு. சுவத்துல இருந்தாலாவது கழட்டி வைக்கலாம்.”

மீசை வைத்தவன் ஒருத்தன், மழித்தவன் இன்னொருத்தன் என்று முதலாளியை ஏமாற்றும் ‘தில்லு முல்லு’ கதை 1981-இல் எடுபட்டது. என் வீட்டில் எடுபடவில்லை.

கத்தம் ஃபாத்திஹாவுக்கு அசரத் வந்த அன்று போஸ்டர்களின் தலைவிதி தெரிந்துவிடும் என்று இருவருமே காத்திருந்தோம். அவர் ஓதி முடித்தார், சாப்பிட்டார், கையைத் துடைத்துக்கொண்டே வாழைப்பழத்தின் முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒண்ணுதான் இருக்கு?” என்றார். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

தடை நீங்கியது. ஆனால் மனைவிக்கு அந்தக் காலி இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சதுர அடிக்குக் காசு கொடுத்து வாங்கிய இடமாயிற்றே. முதலில் மீசைக்குக் கீழே பால் கணக்கு எழுதினாள். அப்புறம் கேஸ் புக்கிங் நம்பர். பாட்ஷாவின் சக்கரங்களுக்கு மேலே கரண்ட் பில் அட்டையைக் கிளிப் போட்டு மாட்டினாள். பேத்தி வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பழம் வரைந்துவிட்டது.

போன வாரம் வீடியோ காலில் சுவரைப் பார்த்த மகன், “அத்தா, இப்பத்தான் தமிழ்ப் பட போஸ்டர் மாதிரி இருக்கு” என்றான்.