பிரிண்டர் ஆஃப்லைனில் உள்ளது

பச்சை விளக்கு எரிய, தாளும் மையும் நிறைந்து, கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருந்தபடியே, தான் அங்கு இல்லையென்று கணினித் திரை வழியாக அறிவிக்கும் துணிச்சல், கணினியோடு இணைக்கப்படும் கருவிகளுள் பிரிண்டருக்கு மட்டுமே உண்டு. ஆஃப்லைன் எனப்படும் இந்நிலைக்கான பழி வழக்கமாக டிரைவர்மீது, அதாவது இயங்குதளம் சொல்வதைக் கருவிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருள்மீது விழுகிறது. பல வேளைகளில் பிழை இருப்பதோ முகவரியில். வைஃபை பிரிண்டருக்கு ரூட்டர் ஐபி எண்ணைத் தற்காலிகமாகவே வழங்குவதால், மின்சாரம் போய்வந்தபின் அந்த எண் மாறிவிடக்கூடும். கணினியோ, வீடு மாறிப்போனவரின் பழைய கதவைத் தட்டும் கடன்காரரைப் போல, முந்தைய எண்ணையே அழைத்துக் களைத்து, பிரிண்டர் இல்லையென்று தீர்ப்பெழுதிவிடுகிறது. ரூட்டரில் ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கினாலே தீரும் இச்சிக்கலுக்கு, பிரிண்டரின் தலையில் தட்டுவதே நடைமுறையில் உள்ள சிகிச்சை.

யுஎஸ்பி கேபிளை நம்பியோருக்கும் நிம்மதி இல்லை. தனக்கென வரிசை எண் கூறாத பிரிண்டரை ஒரு போர்ட்டிலிருந்து கழற்றி அடுத்ததில் செருகினால், விண்டோஸ் அதைப் புதுவரவாகக் கருதி, பழைய பெயருடன் ‘காப்பி 1’ என்று சேர்த்துப் பதிவுசெய்துவிடும். ஜெராக்ஸ் கடையில் ஒரே பிரிண்டர் மூன்று பெயர்களில் வாழ்வதும், அவற்றுள் உயிரற்ற பெயருக்கே வாடிக்கையாளரின் ஆதார் அட்டை அனுப்பப்படுவதும் இதனால்தான். அப்படிப் போனவை அழிவதில்லை. அச்சுப் பணிகளை வரிசையில் நிறுத்திவைக்கும் ஸ்பூலர் என்னும் சேவையில் தேங்கிக் கிடந்து, பொறுமையிழந்து அடுத்தடுத்துக் கொடுக்கப்பட்ட படிகளையும் சேர்த்துக்கொண்டு, இணைப்பு மீண்டதும் ஒருசேர வெளிவந்து தாள் தட்டைக் காலிசெய்கின்றன. முதல் பணியே பழுதாகி வழிமறித்தால், ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையிலுள்ளவற்றை அழித்து, மறுபடி தொடங்குவதே வழி.

செருகியவுடன் இயங்கும் என்ற வாக்குறுதி விண்டோஸ் 95 காலந்தொட்டே உள்ளது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவின் காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் அருகில் நிற்க, விண்டோஸ் 98இன் இத்திறனைக் காட்டுவதற்காக ஒரு ஸ்கேனர் செருகப்பட்டதும், கணினி நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. அவை சிரிப்பில் அதிர, அதனால்தான் இது இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டே மாதங்களில் வந்துவிட்டது.

கேபிளை முந்திக்கொண்டு செருகினால் விண்டோஸ் பொருந்தாத டிரைவரை மாட்டிவிடக்கூடும் என்பதால், நிறுவல் முடியும்வரை செருகாதீர் என்ற எச்சரிக்கைச் சீட்டை யுஎஸ்பி பிரிண்டர்கள் பலவற்றின் போர்ட்டின்மீதே ஒட்டி அனுப்பினார்கள். அந்தச் சீட்டைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கேபிளைச் செருகுவதே வாங்கியவர்களின் முதல் வேலையாக இருந்தது.