கூவுவது அவனா, அவளா?

கொல்லையில் பறவை பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பைனாகுலர் வாங்கட்டுமா? (மதுரை)

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று மாதத்தில் அது நிறைந்தால் பைனாகுலர்.

முருங்கையில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கண். பருந்துக் குஞ்சா? (கும்பகோணம்)

குயிலம்மா! ‘குயில் கறுப்பாச்சே’ என்பீர்கள். கறுப்பு, வீட்டுக்காரர். கோடையில் தொண்டை கிழியக் கூவுகிறவரும் அவரே. நாமோ சினிமாப் பாட்டில் ‘குயிலே’ என்று கதாநாயகியை அழைத்துப் பழகிவிட்டோம். அம்மாவுக்குத் தெரிந்தது ‘கிக் கிக் கிக்’. காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடுவாள். அதனால்தான் எப்போதும் சொல்கிறேன்: நிறத்தை நம்பாதீர்கள். குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? வால் எப்படி? இவ்வளவையும் குறித்த பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

காக்கையில் எத்தனை வகை? (சேலம்)

உங்கள் ஊரில் இரண்டு. கழுத்து சாம்பல் என்றால் வீட்டுக்காக்கை. முழுக்கறுப்பு என்றால் அண்டங்காக்கை.

மண் நிறத்தில் ஏழெட்டுப் பறவைகள், விடிந்தால் ஒரே கூச்சல். விரட்டலாமா? (திருச்சி)

விரட்டினால் நமக்குள் பேச்சு வார்த்தை இல்லை! அவை தவிட்டுக்குருவிகள், என் செல்லங்கள். சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். பூனை வந்தால் ஊரையே கூட்டும். ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடும். சுடலைக்குயில் ஏமாற்றி வைத்த முட்டையையும் தன் பிள்ளையாகவே வளர்க்கும். சருகைப் பெருக்கி எரிக்காதீர்கள்; அது அவற்றின் சாப்பாட்டுத் தட்டு.

பச்சைக்கிளி வளர்க்க ஆசை. (ஈரோடு)

கூண்டில் அடைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொய்யா வையுங்கள், தானே வரும்.

அப்பா படுத்த படுக்கை, பார்வையும் மங்கிவிட்டது. பறவை என்றால் அவருக்கு உயிர். என்ன செய்யலாம்? (தென்காசி)

அம்மா, பறவையைக் காதாலும் பார்க்கலாம். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்துங்கள். அடிவயிற்றிலிருந்து ‘ஊப், ஊப்’ என்றால் செம்போத்து. பாத்திரக் கடையில் செம்பு தட்டுவதுபோல் விடாமல் ‘டுக், டுக்’ என்றால் குக்குறுவான். உருவத்துக்குப் பொருந்தாத பெருங்குரல் செடிக்குள்ளிருந்து வந்தால், இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. அப்பா சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நாளை விடியற்காலையே தொடங்கிவிடுங்கள். அவர் சொல்லும் முதல் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.