கப்பலுக்குப் போகும் வழி குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: விவேக் நகர்வாசி ஒருவன், பெங்களூரு (கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில்).

பெறுநர்: துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகம், பரிவஹன் பவன், நாடாளுமன்ற வீதி, புதுதில்லி.

நகல்: விமானப் போக்குவரத்து அமைச்சகம், ராஜீவ் காந்தி பவன், சஃப்தர்ஜங், புதுதில்லி.

பொருள்: சொகுசுக் கப்பலில் ஏறுவதற்கு முன் தரையில் படும் பாடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2024 செப்டம்பர் 30 அன்று மும்பைத் துறைமுகத்தில் 'குரூஸ் பாரத் மிஷன்' திட்டத்தைத் தொடங்கிவைத்தீர்கள். கடல்வழி உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கை 2029க்குள் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சமாக வேண்டும் என்றீர்கள். கூடுதலாகத் தேவைப்படும் ஐந்து லட்சம் பேரில் எங்கள் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவே இக்கடிதம். பணம் சேர்ந்துவிட்டது. குமட்டலுக்கென்று மாமியார் இஞ்சி மரப்பாவும் வாங்கி வைத்துவிட்டார். கப்பல் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்வது என்பதில்தான் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது.

எங்கள் பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விவேக் நகருக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் உண்டு, எச்.ஏ.எல். ஓடுதளம். தொம்மலூரைத் தாண்டினால் வந்துவிடும். 2008 மே மாதம் வரை ஊரே அங்கேதான் ஏறி இறங்கியது. பிறகு தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தார்கள், இதை மூடினார்கள். இப்போதும் தேஜஸ் விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே இரைந்துகொண்டு பறக்கின்றன. துணி உலர்த்தும் பெண்கள் அண்ணாந்து பார்க்கலாம், ஏறத்தான் முடியாது. ஏற வேண்டுமென்றால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். அதோடு, புதிய நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறொரு நிலையம் வரக்கூடாது என்றும் ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. 2024இல் ஓசூருக்கு விமான நிலையம் என்று தமிழ்நாடு அறிவித்தபோது முதலில் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது இந்த வரிதான்.

இது எங்கள் ஊரின் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். கப்பல் ஏற எந்தத் துறைமுகம் தோது என்று வரைபடத்தை விரித்து உட்கார்ந்தபோதுதான் நாடு முழுவதும் இதே கதை என்று தெரிந்தது. துறைமுகம் நகர முடியாது. கடல் இருக்கும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். விமான நிலையத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆகவே அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

கொச்சியைப் பாருங்கள். துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கடலடி மண்ணை வாரிக் கொட்டி வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். அந்தத் தீவிலேயே கடற்படையின் விமானதளம். பயணிகள் விமானமும் அங்கேதான் இறங்கும். கப்பலும் விமானமும் ஒரே தீவில்! உலகில் எத்தனை ஊருக்கு வாய்க்கும் இது? 1999இல் விமான நிலையம் நெடும்பாசேரிக்குப் போய்விட்டது. ஓடுதளம் போதவில்லை, கடற்படைக்கு இடைஞ்சல், எல்லாம் நியாயமான காரணங்கள். அது போய் இருபது வருஷத்துக்குப் பிறகு, 2021 பிப்ரவரியில், அதே தீவில் 'சாகரிகா' என்ற பன்னாட்டுக் கப்பல் முனையத்தைத் திறந்தீர்கள். விருந்தாளி போன பிறகு இலை போட்டதுபோல.

கோவாவில் மோர்முகாவ் துறைமுகத்திலிருந்து டபோலிம் விமான நிலையம் பத்து கிலோமீட்டருக்குள். பெட்டியை இறக்கினோம், கப்பலில் ஏற்றினோம் என்று இருந்தது. 2023 ஜனவரி முதல் மோபாவிலும் விமானம் இறங்குகிறது. அது மாநிலத்தின் வடகோடி, மகாராஷ்டிர எல்லைக்குப் பக்கம். டிக்கெட்டில் 'கோவா' என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர் காலையில் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டாக்சியில் ஓட வேண்டியிருக்கும். விசாகப்பட்டினத்திலும் நகருக்குள்ளேயே விமான நிலையம் இருக்கிறது. 2023இல் 96 கோடி ரூபாய்க் கப்பல் முனையமும் வந்தது. விமான நிலையத்துக்கோ அதற்கு முன்பே கால் பரபரத்துவிட்டது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் போகாபுரம் என்றார்கள்.

மும்பையில் இன்னும் விசேஷம். 2025 செப்டம்பரில் பல்லார்ட் பியரில் புதிய பன்னாட்டுக் கப்பல் முனையம். மூன்று வாரம் ஆவதற்குள் விரிகுடாவின் மறுகரையில் நவி மும்பை விமான நிலையம். இரண்டையும் பிரதமரே திறந்துவைத்தார். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பயணி எப்படிப் போவான் என்று விழா மேடையில் யாராவது கேட்டிருந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

சென்னைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கட்சியின் வேட்பாளர் சென்னைதான். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து 'எம்ப்ரஸ்' கப்பலை அனுப்பிவைத்தாரே, அந்தத் துறைமுகம். (அந்தக் கப்பலைப் புதுச்சேரி தன் கரைக்கு வரவிடவில்லை, கடலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. கப்பலில் சூதாட்டமாம். அது தனிக் கடிதத்துக்கு உரியது.) மீனம்பாக்கத்திலிருந்து துறைமுகம் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நிலையத்துக்கும் கால் பரபரக்கிறது: அடுத்தது பரந்தூராம், நகரிலிருந்து எழுபது கிலோமீட்டர். அதற்காக நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்து மக்கள் வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று 2022 முதல் போராடுகிறார்கள். அவர்கள் பிரச்சினையில் பகடிக்கு இடமில்லை. என் பெட்டியின் பிரச்சினை அதற்கு முன்னால் தூசு.

பெங்களூர்க்காரனுக்கு நேரே பொருந்துவது மதுரவாயல் மேம்பாலச் சாலை. எங்கள் ஊரிலிருந்து போகும் நெடுஞ்சாலை மதுரவாயலில் சென்னையைத் தொடுகிறது. அங்கிருந்து கூவம் ஓரமாகத் தூண் நட்டுத் துறைமுகத்துக்கே உயர்த்திய சாலை போட்டுவிட்டால், விவேக் நகரில் ஏறியவன் கப்பல் வாசலில் இறங்கலாம். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பு சுமார் 1,800 கோடி. 2012இல் ஆற்றோட்டத்தைக் கெடுக்கிறது என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் மட்டும் கூவத்தில் நின்று பறவைகளுக்குப் பயன்பட்டன. 2022 மே மாதம் இன்றைய பிரதமர் அதே சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். இம்முறை இரண்டடுக்கு, மதிப்பு 5,800 கோடிக்கு மேல். முதல் கல் வைத்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது ஓட்டுரிமை வந்துவிட்டது. எங்களுக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பக்கத்து ஈஜிபுராவில் 2017இல் ஆரம்பித்த மேம்பாலமும் பல வருஷம் வெறும் தூணாகவே நின்றது. அந்தத் தூண்களுக்குக் கீழே மழைநீர் தேங்கும்போதெல்லாம், துறைமுகத்தை இங்கேயே கட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் இந்நகரின் ஐ.டி. ஊழியர்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றிப் போனோம், முன்னனுபவம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா. விவேக் நகரிலிருந்து தேவனஹள்ளிக்கு இரண்டு மணி நேரம், நிலையத்தில் காத்திருப்பு இரண்டு மணி, வானத்தில் ஒரு மணிக்கும் குறைவு, மீனம்பாக்கத்திலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகளோடு ஒரு மணி. சதாப்தி ரயில் சுமார் ஐந்து மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடும். அங்கிருந்து துறைமுகம் ஆட்டோவில் கால் மணி. இதைச் சொன்னதும் மைத்துனர் முகம் சுருங்கிவிட்டது. கப்பலுக்குப் போகிறவன் ரயிலில் போவதா என்கிறார்.

ரயிலில்தான் ஐயா போனார்கள்! 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஏறிய பயணி ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனான். போட் மெயில் தனுஷ்கோடியில் கப்பல்துறை வரைக்கும் போகும். நீராவிக் கப்பல் தலைமன்னார் சேர்க்கும். அங்கே அடுத்த ரயில் நிற்கும். மழையோ காற்றோ, ரயில் வந்த பிறகே கப்பல் கிளம்பும். எல்லாருக்கும் அது உல்லாசமாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: தேயிலைத் தோட்டத்துக்குப் போன எம் சனங்கள் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைபட்ட பிறகுதான் கடல் கடந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை அந்த ஏற்பாடு நடந்தது. பம்பாயிலும் அப்படியே. நீங்கள் புது முனையம் கட்டியிருக்கும் அதே பல்லார்ட் பியரில் அன்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. லண்டன் கப்பலில் வரும் துரைமார்களுக்காகப் பிரண்டியர் மெயில் அங்கே காத்திருந்து பெஷாவருக்குக் கிளம்பும். துரைக்காக நின்ற ரயில் எனக்காக நிற்காது என்பது புரிகிறது. ஆனால் கப்பல் அட்டவணையை ரயில் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சுதந்திரம் தடையாக இருக்காதே?

வெளிநாட்டிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். 'ரோமிலிருந்து' என்று விற்கும் கப்பல் சிவிடாவெக்கியாவில் நிற்கும்; 'லண்டனிலிருந்து' என்றால் பெரும்பாலும் சவுதாம்ப்டன், ஹீத்ரோவிலிருந்து நூறு கிலோமீட்டர். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் மட்டும் புண்ணியம் செய்த ஊர்: ஓடுதளமும் கப்பல்துறையும் அடுத்தடுத்து.

எங்கள் வீட்டில் இன்னொரு கட்சி, அதாவது நான், மங்களூரு. புது மங்களூர்தான் கர்நாடகத்தின் ஒரே பெருந்துறைமுகம். பணம்பூரில் கப்பல், பஜ்பேயில் விமானம். இரண்டுக்கும் நடுவே முக்கால் மணிக்கு மேல் ஆகாது. வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்கள் வருகின்றன, அதுவும் தெரியும். காலையில் வந்து, பயணிகள் மூடபித்ரி ஆயிரங்கால் பசதியையும் குத்ரோளி கோயிலையும் பார்த்து, சாயங்காலம் போய்விடுகின்றன. உள்ளூர்க்காரன் ஏற முடியாது. இறங்குகிறவர்களுக்கு யக்ஷகான வேஷம் கட்டி வரவேற்புக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஏறுவதற்கும் மங்களூரை ஒரு துறையாக்கினால் என்ன? எங்கள் ஊரிலிருந்து அங்கே போகும் சிராடி மலைப்பாதை சரியும் என்பார்கள். அது சரிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, கப்பல்கள் வருவதோ மழை ஓய்ந்த பின். இயற்கையே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போடத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: கப்பல் விளம்பரத்தில் அறையின் பால்கனியைக் காட்டுவதற்கு முன், எந்த விமான நிலையம், எந்த ரயில் நிலையம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு முன் வாசல் சாத்தப்படும் என்று அச்சிடச் சொல்லுங்கள். கப்பல் நாளன்று நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ஒரு பேருந்து விடுங்கள். மதுரவாயல் சாலைக்கு மூன்றாவது அடிக்கல் மட்டும் வேண்டாம்.

நகலை விமானத் துறைக்கு நானே அனுப்பிவிட்டேன். அவர்கள் அலுவலகமும் விமானச் சேவை நின்றுபோன சஃப்தர்ஜங் நிலையத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது, என் நிலைமை புரியும். உங்கள் இரண்டு மாளிகைக்கும் நடுவே ஆட்டோவில் அரை மணி நேரம் என்கிறார்கள். ஒருநாள் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பத்து லட்சத்தில் ஒருவன்

பி.கு.: எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், வியாழக்கிழமை கப்பல் வேண்டாம். அன்று எங்கள் குழந்தை இயேசு கோயிலில் நவநாள். தெருவிலிருந்து கார் வெளியே வராது.