இன்னும் அமைக்கப்படாத குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவன்.
பெறுநர்: அடுத்த வெள்ளம் வடிந்ததும் அமைக்கப்படவிருக்கும் உயர்மட்டக் குழு, சென்னை.
பொருள்: முன்கூட்டியே பாராட்டுதல் - தொடர்பாக.

ஐயா / அம்மா,

தாங்கள் இன்னும் நியமிக்கப்படவில்லை என்பது தெரியும். தண்ணீர் வந்துவிட்டால் தபால்காரர் வரமாட்டார். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

தங்கள் முன்னோரை நன்கறிவேன். 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு விநாடிக்கு 29,000 கன அடி வந்தது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை அறிக்கை 2018-ல் சொன்னது. மொட்டைமாடியில் நின்ற எங்களுக்கு அது அன்றைக்கே தெரியும்.

2021-லும் வெள்ளம். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைந்தது. 2023-ல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரில் வந்து மதிப்புரை எழுதிவிட்டுப் போனது.

அரசு மாறவில்லை என்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். முன்பு சொல்லாமல் மூழ்கினோம். இப்போது செல்போனில் எச்சரிக்கை மணியடித்த பிறகே மூழ்குகிறோம். படகுகூட வாங்கியாயிற்று. புது வடிகால்களால் சில தெருக்களில் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது என்பதும் உண்மை. (பகடிக் கடிதத்தில் இதைச் சொல்லக்கூடாதுதான், மன்னிக்கவும்.) ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான். அது 2022-ல் காக்கவேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்ததும் அதே சதுப்பில்தான்.

நாங்களும் மாறிவிட்டோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டின. எந்தக் குழுவும் பரிந்துரைக்காத திட்டம் அது. டெண்டர் இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை, அடிக்கல் நாட்டு விழா இல்லை. ஒரே ராத்திரியில் முடிந்தது. என் வீட்டில் ஐப்பசி பிறந்ததும் ஃப்ரிட்ஜ் 3 செங்கல் உயரம் ஏறும். சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டிவைப்போம். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் பிளாஸ்டிக் கவருக்குள் பரணில் ஏறிவிடும்.

ஒரே ஒரு கோரிக்கை. தங்கள் முதல் கூட்டத்தைக் குளிரூட்டிய அறையில் வைக்காமல், நவம்பரில், மழை பெய்யும்போது, என் வீட்டில் வையுங்கள். நாற்காலிகள் தயார். அவையும் செங்கல் மேல்தான் இருக்கின்றன. ஏறி உட்காரும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து.

இப்படிக்கு,
தரைத்தளவாசி