ஆயிலைத் தண்ணியாக்குவது எப்படி?

வாழ்த்துகள். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வைத்த பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறீர்கள். சின்ன எஞ்சின், பெரிய இழுவை என்று ஷோரூமில் சொன்னது உண்மைதான். அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இந்த வகை எஞ்சினில், எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவரை நனைக்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போவீர்கள். இங்கே கலப்படக்காரர் நீங்களே, யாரும் கேட்கப் போவதில்லை. கீழே உள்ளதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் பழகிக்கொள்ளுங்கள்.

(உங்கள் டர்போ காரில் பெட்ரோல் சிலிண்டருக்கு வெளியிலேயே, காற்று நுழையும் குழாயில் பீய்ச்சப்படுகிறது என்றால் பலன் கொஞ்சம் குறையும். மனம் தளராதீர்கள்.)

1. நடந்து போகிற தூரத்துக்கு மட்டும் காரை எடுங்கள்.

மயிலாப்பூரில் வீடு, லஸ்ஸில் காய்கறிக் கடை. மிகச் சிறந்த ஏற்பாடு. கலந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேற, ஆயில் 90, 100 டிகிரிக்குச் சூடாகி, அந்தச் சூட்டில் சற்று நேரம் நிற்க வேண்டும். நீங்கள் மூன்றாவது நிமிடமே அணைத்துவிடுங்கள். பிள்ளையை டியூஷனில் விட ஒரு முறை, கூட்டி வர ஒரு முறை, மறந்துபோன கொத்தமல்லிக்கு ஒரு முறை. எஞ்சின் ஆறியிருக்கும்போதெல்லாம் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாகவே விடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அதில் சக்தி குறைவு என்பதால் அதே வேலைக்குக் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். அரசே உங்களுக்குக் கை கொடுக்கிறது.

2. வெயிலை நம்புங்கள்.

2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ கார்களில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது என்று புகார்கள் குவிந்தன. புதிய சிஆர்-வி விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டி வந்தது. அமெரிக்காவிலும் வாரண்டியை நீட்டினார்கள். "அது பனி பெய்யிற ஊருங்க, நம்ம ஊர்ல கத்திரி வெயில்" என்று சொல்லிவிடுங்கள். கத்திரி வெயில் 42 டிகிரி. ஆயில் கேட்பது அதைப்போல இருமடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே ஆன அளவுக்கு இங்கே ஆகாது என்பது நிஜம்தான். அந்தக் குறையைக் கொத்தமல்லி ஈடுகட்டும்.

3. மாடியிலிருந்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

போனில் ஆப் எதற்கு இருக்கிறது? நீங்கள் சட்டை மாட்டி, சாவி தேடி, லிஃப்டுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடமும் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடட்டும். சும்மா ஓடும் எஞ்சினில் ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். பெட்ரோல் அதுபாட்டுக்குச் சுவரில் இறங்கும். கீழே வந்ததும், நீல விளக்கு அணைந்திருந்தால் ஒரே மிதி. அந்த விளக்கு கூலன்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஆயில் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

4. டிப்ஸ்டிக்கைப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால், மகிழுங்கள்.

இந்தப் படி முக்கியம், நிதானமாகப் படியுங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சர்வீஸ் பையன் தாராளமாக ஊற்றியிருக்கிறான் என்று முடிவு செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அழகான நிலை ஒன்று உண்டு. எஞ்சின் எரித்துத் தீர்த்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் சரியாக நிரப்பிவிடும். கோடு அசையாமல் இருக்கும். அப்போது நண்பர்களிடம் சொல்லுங்கள்: "நம்ம வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது."

நான்கு லிட்டர் ஆயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெட்ரோல் என்றால் 200 மில்லி, ஒரு டம்ளர். அவ்வளவு கலந்தாலே 30 தர ஆயில் ஏறக்குறைய 20 தரத்துக்கு இளகிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஒன்று, எஞ்சினுக்குள் ஓடுவது வேறொன்று.

பிறகு ஒருநாள் குடும்பத்தோடு திருச்சிக்குப் போவீர்கள். ஐந்து மணி நேர ஓட்டத்தில் பெட்ரோல் எல்லாம் ஆவியாகிப் போக, கோடு கிடுகிடுவென இறங்கியிருக்கும். பழியை ஹைவே மேல் போடுங்கள். "லாங் போனா இந்த வண்டி ஆயில் குடிக்குது" என்று சொல்லி, இனி லஸ்ஸுக்கு மட்டும் எடுங்கள்.

5. மைலேஜைக் காப்பாற்றுங்கள்.

ஐந்தாவது கியர், 1,200 ஆர்பிஎம், முன்னால் மேம்பாலம். கியரை இறக்கினால் பெட்ரோல் வீண். அப்படியே ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்துங்கள். டர்போ காற்றைத் திணிக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் துளி எங்காவது சிலிண்டருக்குள் தெறிக்கும். பிளக் பொறி விடும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். உள்ளே சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிஸ்டன் உடைவதற்கு இதுவே போதும் என்பார்கள் மெக்கானிக்குகள். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மிச்சம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

6. ஆயில் டப்பாவில் விலையை மட்டும் படியுங்கள்.

ஏபிஐ எஸ்பி என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். மேலே சொன்ன சுத்தியல் சத்தத்தை மனத்தில் வைத்து 2020இல் கொண்டுவந்த தரம் அது. உங்களுக்கு வேண்டாம். "ஆயில்னா கெட்டியா இருக்கணும் தம்பி" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருடைய அம்பாசிடருக்கு ஊற்றிய அதே 20டபிள்யூ-50யை ஊற்றுங்கள்.

7. டிகிரி காபிக்கு அவசரப்படுங்கள்.

விக்கிரவாண்டி வரை 120இல் வந்தீர்கள். பித்தளை டபராவின் படம் தெரிந்ததும் ஓரங்கட்டி, அதே நொடியில் அணையுங்கள். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. பெரும்பாலான கார்களில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். உள்ளே தேங்கியது கொதித்துக் கரியாகும். இளகிப்போன ஆயில் என்றால் இன்னும் சிறப்பு. சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஒரு மின் பம்ப் கூலன்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பொறியாளர்கள் உங்களை நன்றாகவே அறிந்துவைத்திருக்கிறார்கள்.

8. டீசல் வைத்திருப்பவர்கள் ஏங்க வேண்டாம்.

2020இல் பிஎஸ்6 வந்த பின் உங்களுக்கும் வழி பிறந்தது. புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, கார் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அது நடக்கும்போது பாதியில் அணையுங்கள். ஒவ்வொரு முறையும். டீசல், பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. இறங்கியது இறங்கியதுதான்.

9. கிலோமீட்டரை மட்டும் எண்ணுங்கள்.

'15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ' என்று எழுதியிருப்பதில் முதல் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3,000 ஓடினால் ஒரே ஆயில் ஐந்து வருடம். மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும்: குறுந்தூர ஓட்டம், நெரிசலில் ஊர்வது, தூசி. அப்படி ஓட்டுபவர்கள் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டுமாம். இது லடாக்கில் ஓட்டுபவர்களுக்கு எழுதியது என்று தீர்மானித்து, பக்கத்தைப் புரட்டுங்கள்.

10. விற்றுவிடுங்கள்.

ஆயிலை மாற்றுங்கள், இதற்காக மட்டும். விளம்பரத்தில் இப்படிப் போடுங்கள்: 'ஒரே ஓனர், டாக்டர் வண்டி, சிட்டிக்குள் மட்டும் ஓடியது, 9,000 கிலோமீட்டர்.' வாங்க வருகிறவர் பெயின்டைத் தடவுவார், டயரை உதைப்பார், கதவை இருமுறை அறைந்து பார்ப்பார். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பாரோ என்று பயப்படாதீர்கள். கடைக்குப் போய்வந்த வண்டிக்குத்தான் சந்தையில் கூடுதல் விலை.