பொலன்னறுவையில் போஸ் மாமா

எந்தச் சிலைக்கு எதிரே போனாலும் அதே மாதிரி நின்று காட்டாவிட்டால் போஸ் மாமாவுக்குச் சோறு இறங்காது. கன்னியாகுமரியில் வள்ளுவருக்கு முன்னால் மூன்று விரலைத் தூக்கினார். மெரினாவில் காந்திக்கு முன்னால் குடையைத் தடியாக ஊன்றி ஒரு காலை எடுத்து வைத்தார். வள்ளுவரும் காந்தியும் பொறுத்துக்கொண்டார்கள். இலங்கையின் பொலன்னறுவை கல் விகாரையில் காவலாளிகள் விசில் வைத்திருக்கிறார்கள்.

அந்த இடமே அவரைப் போன்றவர்களுக்கு ஒரு சோதனை. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு ஒரே பாறையில் செதுக்க வைத்த உருவங்கள்: அமர்ந்த கோலம், நின்ற கோலம், கிடந்த கோலம். நான்காவது உருவம் குகைக்குள் இருந்ததால் மாமாவிடமிருந்து தப்பித்தது.

செருப்பையும் தொப்பியையும் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். முழங்கால் தெரிகிறது என்றார்கள். என் துண்டை வாங்கிச் சுற்றிக்கொண்டார். வெயிலில் கொதிக்கும் தரையில் முனகாமல் நடந்தார். இதிலெல்லாம் தங்கமான மனுஷர்.

அமர்ந்த புத்தருக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு, கண்ணை மூடினார். "மாப்ளே, அவர் தலைக்கு நேரா என் தலை வரணும், பார்த்து எடு." விசில். மாமா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "யாரோ ஏதோ தப்புப் பண்றாங்க போல" என்று மறுபடி தியானத்தில் ஆழ்ந்தார்.

காவலாளி வந்து சைகையால் விளக்கினார்: புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. "முதுகு காட்டாம எப்படிப்பா? என் மூஞ்சி விழ வேண்டாமா?" என்று மாமா தமிழில் கேட்டார். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சரியென்று புத்தரைப் பார்த்தபடி நிற்க வைத்து எடுத்தேன். படத்தில் மாமாவின் வழுக்கை மட்டும் பளபளத்தது. "அழி அதை."

நின்ற கோலம் சுமார் 23 அடி. கைகளை மார்பின் குறுக்கே மடித்திருக்கும். புத்தர் மறைவுக்கு வருந்தும் ஆனந்தர் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறர் துயரம் கண்டு துயருறும் புத்தர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. போனைப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்த முகம் அது. மாமாவும் கையை மடித்தார். விசில்.

அடுத்தது 46 அடி நீளத்தில் கிடந்த கோலம். தலை அழுந்திய இடத்தில் தலையணை லேசாகக் குழிந்திருப்பதைக்கூடக் கல்லில் கொண்டுவந்திருக்கிறான் சிற்பி. பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் மேல் பாதம் சற்றே பின்வாங்கியிருக்கும். அது உறக்கமல்ல, பரிநிர்வாணம் என்பதற்கு அடையாளம். மாமா வலது கையைத் தலைக்குக் கொடுத்துத் தரையில் சாய்ந்தபோது பாதங்கள் கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தன. விசில், விசில், விசில்.

2012-இல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நகர நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்து நிறுத்தி வைத்ததை அவசரமாகச் சொன்னேன். "நான் முத்தமாடா குடுத்தேன்?"

இதே மாமா குலதெய்வக் கோயிலில் தீபாராதனை முடிந்தால் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருவார். அங்கே ஒருவன் அம்மனுக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டிப் படம் எடுத்தால் சும்மா விடுவாரா? கல் விகாரையில் எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்திய ஒரு பாட்டி பூத்தட்டோடு காத்திருந்தார், மாமா எழுந்து நகர்வதற்காக. கும்பிட வந்தவரைக் காக்க வைத்துவிட்டு என்ன படம் வேண்டிக்கிடக்கிறது? எனக்கும் ஒரு குறை உண்டு. பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய், கல் விகாரையை மாமாவின் இரண்டு காதுகளுக்கு நடுவில்தான் பார்த்தேன்.

பிறகு பொலன்னறுவையிலேயே உள்ள தலதா மளுவைக்குப் போனோம். அங்கே தமிழில் பொறித்த பெரிய கல்வெட்டு ஒன்று நிற்கிறது. புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாகத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் கல். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரிந்த எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்தார். போஸ் ஞாபகமே இல்லை.

"அப்போ நம்ம ஆளுங்கதான் இதுக்குக் காவலா?"

"ஆமாம் மாமா."

"விசில் வெச்சிருந்திருப்பாங்களாடா?" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார். "கல்வெட்டுக்கு முதுகு காட்டலாமில்ல?"