கல்லும் இல்லை, கரியும் இல்லை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜான் பிளாண்ட் என்று ஒருவர் இருக்கிறார். 2015 முதல் யூடியூபில் சட்டை இல்லாமல் காட்டுக்குள் போகிறார். வாயைத் திறப்பதில்லை, கையில் ஒரு பொருளும் கிடையாது. கல்லைக் கல்லால் தட்டிக் கோடாலி செய்கிறார். அதை வைத்து மரம் வெட்டி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார். அந்தக் கரியைக் களிமண் உலையில் கொட்டி, ஓடைச் சேற்றிலிருந்து பொட்டு பொட்டாக இரும்பு எடுக்கிறார். பார்க்கிற நம் பிள்ளைகளுக்கும் கை பரபரக்கிறது. காரைக்காலில் பிறந்த பிள்ளையாக இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: தம்பி, உன் படம் முதல் காட்சியிலேயே நின்றுவிடும். தட்டுவதற்குக் கல் எங்கே?

இந்த வட்டாரத்தில் தோண்டினால் வண்டல் வரும். இன்னும் தோண்டினால் களி. அதற்கும் கீழே போனால் தண்ணீர், பல இடங்களில் அதுவும் உப்பு. ஓஎன்ஜிசிக்காரர்கள் காவிரிப் படுகைக்கான அலுவலகத்தைக் காரைக்காலிலேயே வைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் பூமியைத் துளைத்தார்கள். எண்ணெய் வந்தது, எரிவாயு வந்தது. வீட்டுக்கு ஓர் அம்மி கொத்த உதவும் கல் வந்ததாகத் தகவல் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை திருநள்ளாறு. சனீஸ்வர பகவானுக்கு உரிய உலோகம் இரும்பு, உரிய நிறம் கறுப்பு. நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து நள தீர்த்தத்தில் முழுகிவிட்டுப் போகிறார்கள். அப்பேர்ப்பட்டவர் குடியிருக்கும் மண்ணில் குன்றிமணி அளவு இரும்புத்தாது கிடையாது. கறுப்புக்கு எள் இருக்கிறது, காக்கை இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறார். இரும்புக்கு அவரும் வெளியூரைத்தான் நம்ப வேண்டும்.

கல்லில்லாத ஊரில் கோடாலி எப்படி வந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2006-இல் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழையும் தென்னையும் வைக்க வீட்டில் குழி தோண்டினார். வழவழவென்று தேய்த்த இரண்டு கற்கோடாலிகள் கிடைத்தன. ஒன்றில் நான்கு குறிகள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் வழியாக அவை தொல்லியல் துறைக்குப் போயின. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் பார்த்துவிட்டு, குறிகள் சிந்துவெளி எழுத்து, காலம் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் என்றார். முதல் இரண்டு குறிகளை ‘முருகன்’ என்றும் வாசித்தார். ஏற்காத அறிஞர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எழுத்தைவிடக் கல்தான் எனக்குப் பெரிய மர்மம். அது தென்னாட்டுக் கல்தான், வடக்கிலிருந்து வந்ததல்ல என்றும் மகாதேவன் சொன்னார். சரி, தென்னாடுதான். ஆனால் தென்னாட்டிலும் மலை இருக்கிற பக்கம். அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

யார், எவ்வளவுக்கு என்பதற்குக் கணக்குப் புத்தகம் இல்லாததால், அன்று அந்த வீட்டில் நடந்ததை நானே நடத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

“ஒரு கூடை கருவாட்டக் குடுத்துட்டு இதையா வாங்கிட்டு வந்தீங்க?”

“சும்மா கல்லுன்னு நெனச்சியா? எழுத்தெல்லாம் போட்டிருக்கு பாரு.”

“என்னங்க எழுதியிருக்கு?”

“அது தெரிய நாலாயிரம் வருசம் ஆகுமாம். கடைக்காரன் சொன்னான்.”

“எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு முனையத் தீட்டத் தெரியலையாக்கும்.”

அந்த அம்மாள் கோபப்பட இன்னொரு நியாயமும் உண்டு, பாவம் அவருக்கு அது தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அதை முந்திக்கொண்டு கி.மு. 3345-க்குப் போய்விட்டது. இந்த வேகத்தில் போனால் டைனோசருக்கு லாடம் அடித்ததும் நாம்தான் என்று சீக்கிரம் நிரூபணமாகிவிடும். அது எப்படியோ போகட்டும். இந்தத் தேதிகளை நம்புவதென்றால், மேட்டு நிலத்துக்காரர்கள் இரும்புக்கு மாறிப் பல நூறு வருஷம் கழித்து, தங்களிடம் தேங்கிக் கிடந்த கற்கோடாலிகளை எழுத்து வெட்டி நம் டெல்டாக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கருவாடும் போயிற்று.

நாமே செய்திருக்கலாமே என்றால், கற்கோடாலி செய்கிற முறை இது: தோதான கருங்கல்லை உடைத்து, இன்னொரு கல்லால் கொத்தி உருவம் கொண்டுவந்து, பிறகு மூன்றாவது ஒரு கல்லின் மேல் மணலும் தண்ணீரும் விட்டு நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். மூன்று கல், கொஞ்சம் மணல், கொஞ்சம் தண்ணீர். கடைசி இரண்டுக்கும் நாம் பொறுப்பு.

கல்தான் இல்லை, கரியாவது இருக்கிறதா என்று பார்ப்போம். கரி இல்லாமல் இரும்பு இல்லை. விறகுத் தீ சோறு பொங்கப் போதும், தாதை அசைக்காது. விறகில் இருக்கிற ஈரமும் புகையும் சூட்டில் பாதியைத் தின்றுவிடும். அதைக் கரியாக்கித் துருத்தி வைத்து ஊதினால் ஆயிரம் டிகிரியைத் தாண்டலாம். கரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாதுக்குள் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஓடுவது அதுதான். இந்தக் கல்யாண முறிவு நடக்காவிட்டால் எவ்வளவு ஊதினாலும் கிடைப்பது சூடான மண்.

மூட்டம் போடுவது பார்க்க எளிது. விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் செத்தையும் போர்த்தி, அதற்கு மேல் ஈரமண் பூசி, நடுவில் தீயிட்டு, கீழே சில துளைகள் விட வேண்டும். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை வரும், அது விறகின் ஈரம். பிறகு புகை மெலிந்து நீலம் தட்டும். அப்போது துளைகளை அடைத்துவிட்டு மூட்டம் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தவனுக்குக் காற்று பட்டு மொத்தமும் குப்பென்று பற்றும். மிஞ்சுவது விபூதி. ஒழுங்காகக் காத்திருந்தாலும் போட்ட விறகின் எடையில் கால்பங்கு கரி வந்தால் அதிர்ஷ்டம். ஒரு வண்டி கரிக்கு நாலு வண்டி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வண்டி மரத்துக்குக் காரைக்காலில் யார் வீட்டுக்குப் போவது? டெல்டாவில் காலியாக இருந்த இடத்தையெல்லாம் நாற்று நட்டு வயலாக்கிவிட்டோம். வரப்போரக் கருவேலமரம் நான்கு நின்றால் அதற்கு நாற்பது பங்காளிகள். நம் எரிபொருள் வைக்கோல், வரட்டி, பனைமட்டை, உமி. இதில் உமியைக் கருக்கினால் கிடைப்பது உமிக்கரி. அதை வைத்து இரும்பு உருக்க முடியாது, பல் விளக்கலாம். கரித்தொழில் வரலாற்றில் டெல்டாவின் மகத்தான பங்களிப்பு பளிச்சென்ற பல்.

கரிக்குப் பஞ்சமில்லாத இடமாகப் பார்த்துக் குடியேறிய ஒரே காரைக்கால்காரர் காரைக்கால் அம்மையார். அதற்கு அவர் கட்டிய புருஷனைப் பிரிந்து, பேயுருவம் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்து, திருவாலங்காட்டுச் சுடுகாடுவரை போக வேண்டியிருந்தது.

நாம் பல் விளக்கிய அதே உமியை மேற்கே சேலம் பக்கத்துக் கொல்லர்கள் களிமண்ணில் பிசைந்து, உலோகம் உருக்கும் மண்குப்பியான மூசை செய்தார்கள். அவர்களுடைய முதல் வேலை, ஆளுயரத்துக்கும் குறைந்த மண் உலையில் தாதையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் சில மணி நேரம் ஊதுவது. இரும்பு அதில் உருகாது, உருக 1,538 டிகிரி வேண்டும். கிட்டம் என்கிற கசடும் இரும்புமாகக் கலந்த பஞ்சு போன்ற கட்டி ஒன்று வரும். அதைச் சம்மட்டியால் மொத்திக் கிட்டத்தை வெளியேற்றினால் இரும்பு. அதைத் துண்டு போட்டு, பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி சேர்த்து, மேலே ஓரிரண்டு பச்சை எருக்கிலை மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபது இருபத்துநான்கு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, சுற்றிலும் கரி கொட்டி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். உள்ளே இருக்கும் குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் இறங்கும். இறங்கியதும் அது எஃகு. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-இல் இந்த எஃகை வைத்துக்கொண்டு ரகசியம் என்ன என்று மண்டையைக் குடைந்தார். கொல்லன் மகனாகப் பிறந்தவர்தான் அவரும். ஆவாரஞ்செடி இருக்கிற ஊரில் பிறக்கவில்லை.

இந்தச் செய்முறையை இவ்வளவு விவரமாக எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற துரை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். சேலத்து எஃகின் மேல் அவருக்குக் காதல் முற்றி, எகிப்தியர்கள் தங்கள் தூண்களில் சித்திர எழுத்து வெட்டியது இந்திய எஃகு உளியால்தான் இருக்கும் என்று எழுதினார். நமக்கு ஆட்சேபணை இல்லை. காதலித்ததோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். கொல்லர் பத்துப் பேர் செய்வதை ஒரே ஆலையில் ஆயிரம் மடங்கு செய்யலாம் என்று வேலையை உதறிவிட்டு, 1830-இல் கடலோரத்தில் ஆலை போட்டார்.

அந்தக் கடலோரம் அப்போது வெள்ளைக்காரர்களின் சந்தைப்பேட்டை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620 முதல் இருந்தார்கள். காரைக்கால் 1739-இல் தஞ்சாவூர் மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. ஹீத் பிடித்த இடம் இவர்களுக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை. தாது சேலத்தில் இருக்கிறது. கரி காட்டில் இருக்கிறது. ஆலையோ, இரண்டும் இல்லாத மணல்மேட்டில். ஹீத்தின் மொழிபெயர்ப்பாளரான துபாஷி அன்று காலை என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“துரையவர்கள் மன்னிக்கணும். தாது மலையிலே இருக்குதுங்களே, நாம எதுக்கு மணல்லே ஒக்காரணும்?”

“கப்பல் இங்கேதானே வரும்.”

“சரிங்க துரை. கப்பல் வர்ற வரைக்கும் என்னத்தைக் காய்ச்சுறது?”

தாதைப் பரிசலில் ஏற்றி ஆற்றோடு விட்டார்கள். ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் ஏகபோக உரிமையைக் கம்பெனி அவருக்கே கொடுத்தது. கடனும் கொடுத்தது. இரும்பு நல்ல இரும்பு, அதில் குறை சொன்னவர் இல்லை. ஆனால் கொல்லனின் சிறு உலைக்குப் புதர்க்காடு போதும், ஆலை உலை காட்டையே கேட்கும். ஒரு காடு தீர்ந்தால் அடுத்த காடு, அடுத்தது இன்னும் தூரம், வண்டிக்கூலி இன்னும் அதிகம். கரி விலையே இரும்பை விழுங்கிற்று. கம்பெனிகள் பெயர் மாறின, கேரளத்துப் பேப்பூரில் கிளைகூட வந்தது. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

ஹீத் அதற்கு முன்பே ஷெஃபீல்டுக்குப் போய் வேறொரு பள்ளத்தில் விழுந்தார். எஃகு காய்ச்சும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைப் போட்டால் மட்டமான இரும்பும் தேறும் என்று கண்டுபிடித்து 1839-இல் பேட்டண்ட் எடுத்தார். அவருடைய ஏஜெண்டே பிறகு, நான் கூட்டுப்பொருளைப் போடவில்லையே, மாங்கனீசு ஆக்சைடைத் தனியாக, கரிச்சரக்கைத் தனியாக அல்லவா மூசையில் போடுகிறேன் என்று கைவிரித்தார். சாம்பார் பொடிக்குப் பேட்டண்ட் வாங்கியவரிடம், நான் மல்லியும் மிளகாயும் தனித்தனியாகத்தானே போட்டேன் என்று சமையல்காரர் வாதாடிய மாதிரி. வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. தீர்ப்பைப் பார்க்காமலே 1851-இல் ஹீத் போய்ச்சேர்ந்தார். சேலத்துக் கொல்லர் எவரும் ஆவாரங்குச்சிக்குப் பேட்டண்ட் எடுத்திருக்கவில்லை என்பதை அவர் கடைசிக் காலத்தில் நினைத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ.

அவர் பெயர் இன்று ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வௌவாலில். பறவை, பிராணி சேகரிக்கும் பழக்கம் இருந்ததால் ஹார்ஸ்ஃபீல்டு என்கிற விலங்கியலாளர் 1831-இல் ஒரு மஞ்சள் வயிற்று வௌவாலுக்கு ஸ்காட்டோஃபிலஸ் ஹீத்தி என்று பெயர் வைத்தார். பரங்கிப்பேட்டை இரும்பு போய்ச்சேர்ந்த இடங்களில் ஒன்று வேல்ஸில் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலம் என்பார்கள். 1970-இல் சில பையன்கள் தீப்பந்தத்தோடு அந்தப் பாலத்தின் குழாய்க்குள் புகுந்தார்கள். பந்தம் கைதவறி விழுந்து பாலம் பற்றிக்கொண்டது. பையன்கள் தேடிப்போனது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், வௌவாலாம்.

காரைக்காலுக்குக் கரி ஒருவழியாக 2009-இல் வந்தது. தெற்கே வாஞ்சூரில் துறைமுகம் திறந்தார்கள். மரக்கரி அல்ல, கப்பல் கப்பலாக வெளிநாட்டு நிலக்கரி. வந்ததும் சரக்கு ரயிலில் ஏறி மேற்கே ஆலைகளுக்குப் போய்விடுகிறது, ஹீத்தின் தாது வந்த திசைக்கு நேர் எதிராக. நமக்கென்று ஒரு பங்கு வேண்டாமா? அதைக் காற்று பார்த்துக்கொள்கிறது. நாகூர், வாஞ்சூர்க்காரர்கள் தூசு தாங்கவில்லை என்று போராட்டமெல்லாம் நடத்தியிருக்கிறார்கள். மூட்டம் போடாமல், மரம் வெட்டாமல், ஒரு கூடை கருவாடுகூடக் கொடுக்காமல், கொடியில் காயும் வெள்ளை வேட்டிக்கே கரி வந்து சேர்கிறது.